பாதையா, பாலமா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்திருக்கும் என் மருமகன், திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகும் வழியைத் தேடுபொறியில் தமிழில் கேட்டார். முடிவுகளுக்கு மேலே தோன்றிய செயற்கை நுண்ணறிவுப் பதில், "பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும், கடைசிப் பாதை மாலை ஆறு மணிக்கு" என்று படகுப்பாதையைச் சொன்னது. பாலம் இருக்கிறதென்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இந்தப் பதில்களை நிறுத்த வழி உண்டா? அல்லது நான்தான் காலத்துக்கு ஒவ்வாதவனா?

– உப்புவெளி வாசகர்

பதில்: கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளாக அதன்மேல் போய்வரும் மாமனாரை விட்டுவிட்டு, அதைக் கண்ணால் காணாத ஒன்றை நம்பிய மருமகனிடம்தான் உங்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அதே கேள்வியை அலுவலகக் கணினியில் தட்டிப் பார்த்தேன். சொற்கள் சற்று மாறியிருந்தாலும் அதே பாதை, அதே ஆறு மணி. பதிலின் கீழே சிறிய எழுத்தில் மூன்று இணைப்புகள் இருந்தன, மூன்றையும் திறந்தேன். முதலாவது, பாலம் வருவதற்கு முன் இவ்வழியே வந்த பயணி ஒருவர் எழுதிய குறிப்பு. இரண்டாவது, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணிப் பாலம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் அங்கு ஓடிய படகுப்பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி கவிழ்ந்து, பள்ளிச் சிறுவர்களும் உயிரிழந்த விபத்துச் செய்தி. மூன்றாவது ஒரு பேருந்து நேர அட்டவணை. ஆறு மணி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அந்த மூன்று பக்கங்களையும் எழுதியவர்கள் எவரும் பொய் எழுதவில்லை. ஒருவரிடமிருந்து நீரையும், இன்னொருவரிடமிருந்து படகையும், வேறொருவரிடமிருந்து நேரத்தையும் எடுத்துப் பிசைந்து, எவரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருப்பது இயந்திரம். படகுப் போக்குவரத்தை நாம் 'பாதை' என்பதும், மற்றவர்கள் வழியையெல்லாம் 'பாதை' என்பதும் இந்தக் குழப்பத்துக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றியிருக்குமென்று நினைத்துப் பாருங்கள்.

இது திருகோணமலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. கூகுள் நிறுவனம் 2024 மே மாதம் அமெரிக்காவில் இவ்வசதியைப் பரவலாகத் திறந்துவிட்ட சில நாள்களிலேயே, சீஸ் வழுக்காமலிருக்கப் பீட்சாவில் பசை சேர்க்கலாமென்றும், நாளொன்றுக்குச் சிறு கல் ஒன்றையாவது உண்ண வேண்டுமென்றும் வந்த பதில்கள் உலகம் முழுவதும் சிரிப்பாயின. பசை யோசனை ரெடிட் தளத்தில் பல ஆண்டுகளுக்கு முன் எவரோ எழுதிய வேடிக்கை. கல்லுண்ணும் அறிவுரை ஒரு நையாண்டிக் கட்டுரையில் இருந்தது. எழுத்தை எழுத்தாக மட்டுமே காணும் பொறிக்குக் கேலியும் செய்தியும் ஒன்றுதான். அடுத்து வரத்தக்க சொல் எதுவென்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைப்பதே அதன் தொழில் என்பதால், சரியான பதிலையும் பிழையான பதிலையும் ஒரே குரலில், ஒரே தன்னம்பிக்கையோடு, தடுமாற்றமின்றிச் சொல்கிறது. பீட்சாவில் பசை என்றால் குழந்தையும் சிரிக்கும். கடைசிப் பாதை ஆறு மணிக்கு என்றால், ஊர் தெரியாதவர் ஐந்தரைக்கே ஓடுவார்; நம்மூரைப் பற்றித் தமிழில் இணையத்திலுள்ள பக்கங்களோ சொற்பம், அவற்றிலும் பலவற்றில் திகதியே இல்லை.

என் மேசைக்கும் இந்த நோய் வந்துவிட்டது. கோணேசர் கோயில் பற்றிய கட்டுரை ஒன்றில், சம்பந்தர் பாடியதென்று ஒரு செய்யுள் இருந்தது. ஓசை அழகாகத்தான் இருந்தது. ஆனால் திருக்கோணமலைப் பதிகத்தில் சம்பந்தர் பாட்டுகளை 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று முடிக்கிறார். இதிலோ அந்த முடிப்பே இல்லை. எழுதியவரைத் தொலைபேசியில் கேட்டபோது, "தேடினேன் ஐயா, முதலாவதாக வந்ததே அதுதான்" என்றார். அந்தப் பதிகம் உள்ள மூன்றாம் திருமுறை அவர் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறதாம்.

நிறுத்த வழி உண்டா என்றீர்கள். கூகுளில் தேடிய பிறகு, மேல்வரிசையில் 'வெப்' என்றொரு தெரிவு இருக்கும்; கண்ணுக்குப் படாவிட்டால் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதை அழுத்தினால், பழையபடி இணைப்புகள் மட்டுமே வரும். டக்டக்கோ தேடுபொறியில் இப்பதில்களை அமைப்புகளிலேயே அணைத்துவிடலாம். கேட்காமல் பரிமாறுகிறவன், வேண்டாமென்று சொல்லும் வழியை மட்டும் ஏன் மூலையில் வைத்தான் என்பதற்கு அந்த நிறுவனங்கள்தாம் பதில் சொல்ல வேண்டும்.

மருமகன் இன்னும் புறப்படவில்லையென்றால், திருகோணமலைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போய், கிண்ணியா பஸ் எத்தனை மணிக்கென்று நேரக் கணிப்பாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவரும் சில வேளைகளில் பிழையாகச் சொல்வதுண்டு; ஆனால் பஸ் வராவிட்டால், திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்க அவர் அதே கதிரையில்தான் இருப்பார்.