வீட்டுப் பூனைக்கு எந்த மருத்துவம் அவசியம்? ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் நான்கு வயதுப் பூனை வாசற்படி தாண்டியதே இல்லை. அதற்கு எதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி?

பதில்: ஆண்டுதோறும் எல்லாம் வேண்டியதில்லை, அடியோடு விட்டுவிடவும் கூடாது. பூனை வெளியே போகாவிட்டாலும் நீங்கள் போகிறீர்கள். குடலைத் தாக்கிக் கொல்லும் பன்லூகோபீனியா வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டே உள்ளே வரும்; மாதக்கணக்கில் சாகாமலும் கிடக்கும். குட்டியாக இருந்தபோது 16 வாரம் ஆகும்வரை தவணை தவறாமல் போட்டு, ஆறாம் மாதத்திலோ ஓராண்டிலோ அடுத்த ஊசியும் போட்டாயிற்றா? அப்படியானால் பன்லூகோபீனியா, சளி பிடிக்கவைக்கும் ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் சேர்ந்த வலுக்குறைத்த உயிர் வைரஸ் ஊசியை மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும். ரேபிஸ் ஊசி மட்டும் நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டப்படி. ரேபிஸைப் பரப்பக்கூடிய வௌவால் ஒன்று ஜன்னல் வழியே நுழைந்தால் எந்தப் பூனையும் அதை விட்டுவைக்காது.

கேள்வி: அப்படியென்றால் மருத்துவரிடமும் மூன்றாண்டுக்கு ஒருமுறை போனால் போதும்தானே?

பதில்: இல்லவே இல்லை. ஊசியைத் தள்ளிப்போடலாம், பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. ஐந்து கிலோ பூனை அரை கிலோ இளைத்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது; ரோமத்துக்குள் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். மருத்துவர் உதட்டைத் தூக்கி, கடைவாய்ப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவந்த கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொண்டையின் இருபுறமும் விரலால் தடவித் தைராய்டு வீங்கியிருக்கிறதா என்று அறிய வேண்டும். வயிற்றை அமுக்கிச் சிறுநீரகங்களின் அளவை உணர வேண்டும். பூனையைத் தொடாமல் ஊசி மட்டும் போட்டு அனுப்புகிற இடத்துக்கு இன்னொரு முறை போகாதீர்கள்.

கேள்வி: ஆறு வயதுக் கடுவன், நன்றாகத்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள், டாக்டர்.

பதில்: “இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?” என்று கேளுங்கள். அறிகுறியே இல்லாத பூனைக்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பெரும்பாலும் வீண் செலவு. ரத்தத்தையும் சிறுநீரையும் ஒருமுறை பார்த்துவைத்தால் பின்னாளில் ஒப்பிட உதவும். வயது ஏற ஏற அவற்றோடு ரத்த அழுத்தமும் தைராய்டும் சேரும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதாகியிருக்கும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். விலை குறைந்த சோதனை என்று அதை ஒதுக்காதீர்கள்.

கேள்வி: மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம் செய்வதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: வேண்டாம். வெளியே தெரியும் காரை போகும், ஈறுக்கு அடியில் இருக்கும் நோய் அப்படியே இருக்கும். பூனைகளுக்குப் பல் வேரோடு கரையும் நோய் சாதாரணமாக வரும்; பல் எக்ஸ்ரே எடுத்தால்தான் முழுதாகத் தெரியும். தேவையில்லாத ஸ்கேனில் மிச்சம் பிடித்த பணத்தை, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பல் சிகிச்சைக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பெட்டைப் பூனை. கருத்தடை தேவையா?

பதில்: தேவை. இல்லாவிட்டால் கருப்பையில் சீழ் கட்டும் அபாயம் உண்டு. மடியில் வரும் கட்டிகளும் பூனைக்குப் பெரும்பாலும் புற்றுதான். ஐந்து மாதத்தில் செய்துவிடுங்கள்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மீதம் இருக்கிறது. பூனைக்குப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்ததென்றால் நடுக்கம், வலிப்பு, மரணம்தான். பாராசிட்டமாலும் அப்படியே, ஒரு மாத்திரையே உயிரை வாங்கும்.

கேள்வி: எதற்கு நள்ளிரவிலும் ஓட வேண்டும்?

பதில்: கடுவன் மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சிறுநீரும் வரவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் ஏராளம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படியே. உறக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சொல்லுங்கள். பருத்த பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கும், அதையும் பொறுக்காதீர்கள்.

கேள்வி: கூடையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. எப்படிக் கூட்டிப்போவது?

பதில்: கூடையைப் பரண்மேல் வைக்காதீர்கள், பழைய துணி விரித்து ஆண்டு முழுவதும் அறை மூலையில் திறந்தே வையுங்கள். மிகவும் மிரளும் பூனைக்குக் கிளம்புமுன் கொடுக்க காபாபென்டின் மருந்து உண்டு, மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மேல்மூடி கழன்று வரும் கூடையாகப் பார்த்து வாங்கினால், அடித்தட்டில் உட்கார்ந்தபடியே பூனையைப் பரிசோதித்துவிடலாம்.