டிசம்பர் லீவில் காரில் போகும்போது, வறண்டுபோன ஆற்று கேன்யனில் (ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கில்) இறங்கிப் பார்க்கலாமா? மெனக்கெட்டுப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

மேலே பதில் எழுதியிருக்கும் அன்பர், "காய்ந்த ஆற்றைப் பார்க்க அவ்வளவு தூரம் டீசல் போட்டுப் போகணுமா? மதுரைக்கு டிக்கெட் எடுத்து வைகையைப் பார்த்துட்டு வாங்க" என்று நக்கலடித்திருக்கிறார். அதற்கு ஆதரவு வாக்கு வேறு குவிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் மானாமதுரைக்காரன். வைகை மணலில் ஊத்துத் தோண்டிக் குடம் நிரப்பிய வீட்டில் வளர்ந்தவன். காய்ந்த ஆறு என்றால் பார்க்க ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும்.

உங்கள் கேள்வியில் இருந்து நான் புரிந்துகொண்டது இது: தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் இருக்கிறீர்கள், டிசம்பரில் பள்ளி லீவு, சின்னப் பிள்ளைகள் இரண்டு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், நமீபியா பக்கம் போகலாமா என்று யோசனை. போங்கள். ஆனால் ஃபிஷ் ரிவர் கேன்யனை மேலே நின்று பாருங்கள், செஸ்ரியம் கேன்யனில் இறங்குங்கள். இரண்டையும் மாற்றிச் செய்துவிடாதீர்கள். "கேள்வி தென்னாப்பிரிக்கா தலைப்பில் இருக்கிறது, நீ நமீபியாவைப் பற்றி எழுதுகிறாயே" என்று கிளம்புகிறவர்களுக்கு: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் போகிறவர்களுக்கு அபிங்டன் தாண்டி நாகோப் பார்டரில் ஒரு முத்திரை, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்க ராண்ட் நோட்டே அங்கும் செல்லும்.

ஃபிஷ் ரிவர் பெரிசு. 160 கிலோமீட்டர் நீளம், சில இடத்தில் 27 கிலோமீட்டர் அகலம், ஆழம் ஏறக்குறைய 550 மீட்டர். ஹோபாஸ் பக்கத்தில் பார்வை மேடை இருக்கிறது. அங்கே நின்றால் கீழே வளைந்து வளைந்து போகும் ஆற்றுத் தடமும், ஆங்காங்கே பச்சையாகத் தேங்கிய குட்டைகளும் தெரியும். பார்த்தீர்களா, போட்டோ எடுத்தீர்களா, கிளம்பிவிடுங்கள். உள்ளே நடந்து போக மே 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் அனுமதி; அதுவும் முன்பதிவும் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருந்தால்தான். டிசம்பரில் கெஞ்சினாலும் விட மாட்டார்கள். அடியில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். வெயில் பாதிக் காரணம்தான். மீதி பாதியைத்தான் நம் ஆட்கள் யாரும் யோசிப்பதில்லை.

நமக்குக் கோடை என்றால் ஆறு காயும் காலம். சித்திரை வெயிலில் அழகர் இறங்கவே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் "கோடைதானே, தண்ணி எங்கிருந்து வரும்" என்று ஆற்றுக்குள் இறங்கிவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கோடை; கேப் டவுன் பக்கத்தை விட்டுவிட்டால், உள்நாட்டில் பெரும்பாலும் மழை பெய்வதே அந்தக் கோடையில்தான். நமீபியாவிலும் அப்படித்தான். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஆறு, ஜனவரி பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் எழுந்து வரும். உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும். மழை பெய்தது எங்கேயோ மலையில். மண் இறுகிப் பாறையாக இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது, அப்படியே ஓடி வந்துவிடும்.

நம்ப முடியாதவர்கள் கேப் டவுனுக்கு என்1 நெடுஞ்சாலை வழியாகப் போகும்போது லேங்ஸ்பர்க்கில் வண்டியை நிறுத்தி விசாரியுங்கள். கரூ வறட்டுக் காட்டுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். 1981 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் பஃபல்ஸ் ஆறு ஊருக்குள் வந்தது. 104 பேர் செத்துப்போனார்கள். அதுவும் கோடைதான்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கியவன்தான்.

நாங்கள் போனது டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு அண்ணன் குடும்பத்தோடு. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், அண்ணனுடைய அம்மா. அம்மாவை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். டபுள் கேப் பக்கி (பிக்கப் வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம், எங்கள் கார் சரளை ரோட்டுக்கு ஆகாது. அண்ணி பட்கோஸ் (வழிச் சாப்பாடு) கட்டிக்கொண்டு வந்திருந்தார்: உருளைக்கிழங்குப் பொரியல் வைத்துச் சுருட்டிய ரொட்டி, பொரித்த கோழி, அவித்த முட்டை, எலுமிச்சங்காய் ஊறுகாய், பிளாஸ்க்கில் டீ. என் மனைவி கட்டிய புளியோதரை இரண்டாவது நாளே காலி. அண்ணியின் ஊறுகாய் மட்டும் நமீபியாவின் மால்டஹோ என்ற ஊர் வரை தாக்குப் பிடித்தது.

செஸ்ரியம் கேன்யன் பூங்கா கேட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். பார்க்கிங்கில் இறங்கினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, தட்டையான பொட்டல். இங்கே என்னடா இருக்கிறது என்று நினைக்கும்போதே தரை பிளந்து கிடக்கிறது. சௌச்சாப் என்ற ஆறு அறுத்த பிளவு. நீளம் ஒரு கிலோமீட்டர், ஆழம் அதிகபட்சம் 30 மீட்டர். சில இடங்களில் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாமோ என்று தோன்றும், அகலம் இரண்டு மீட்டர்தான். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் வந்தவர்கள் ஆறு தோல்வாரை முடிச்சுப் போட்டு வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டார்களாம், பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

இறங்கும் பாதை கரடுமுரடான கல்படி. ஆயா எழுபது தாண்டியவர். கொஞ்ச நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தவர், அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். உங்கள் அப்பா அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் "எல்லோரும் இறங்கலாம்" என்று சொன்னதாக நாளைக்கு என் பெயரை இழுக்காதீர்கள்.

நான் கணக்கு எழுதுகிறவன், புவியியல் படித்தவன் இல்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம். கடலை மிட்டாயைக் கடித்த இடத்தில் தெரியுமே, அப்படிக் கூழாங்கற்கள் சுண்ணாம்பில் பதிந்து நிற்கின்றன. கீழே முஷ்டி அளவு உருண்டைக் கல் வரிசை, அதற்கு மேல் பொடி மணல் வரிசை, மறுபடியும் கல். பெரிய கல் வரிசை என்றால் அந்தக் காலத்தில் ஆறு மூர்க்கமாக ஓடியிருக்கிறது. பொடி மணல் என்றால் அமைதியாகப் போயிருக்கிறது. அவ்வளவு கல்லையும் மணலையும் கொண்டுவந்து அடுக்கியதும் ஆறுதான், பிறகு அதே அடுக்கை மேலிருந்து கீழே அறுத்ததும் ஆறுதான். தண்ணீர் நிறைய ஓடினால் இதெல்லாம் கண்ணில் படாது.

என் மகன் காலால் மணலைக் கிளறிக்கொண்டே வந்தான். மேலே சுடுகிறது, அரையடி தோண்டினால் ஈரம், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறது. எனக்கு உடனே ஊத்து ஞாபகம். இந்த ஆற்றங்கரையில் ஒட்டகமுள் மரங்கள் நிற்பதும் அந்த ஈரத்தை நம்பித்தான். அவற்றின் வேர் அவ்வளவு ஆழம் போகும். மணல் இருந்தால்தான் ஆறு உள்ளே உயிரோடு இருக்கும். எங்கள் ஊரில் மணலை லாரி லாரியாக அள்ளிய பிறகு எத்தனை அடி தோண்டினாலும் ஊத்து சுரக்கவில்லை. அது தனிக் கதை, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

கேன்யன் குறுகும் இடத்தில் அண்ணனின் சின்னப் பெண் மேலே கையைக் காட்டி, "ஆயா, பறவைக் கூடு" என்றாள். சுவரில் ஒரு வெடிப்பில் காய்ந்த புல்லும் ஒரு மரக்கிளையும் சிக்கிக் கிடந்தன. அண்ணன் நல்ல உயரம். அண்ணன் மேல் இன்னொரு அண்ணன் ஏறி நின்றாலும் அது எட்டாது. ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கூடு இல்ல கண்ணு. தண்ணி கொண்டாந்து வச்சது."

பிறகு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக ஒரு விஷயம் சொன்னார். அவருடைய அம்மா குழந்தையாக இருந்தபோது குடும்பம் டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தது, தகரக் கொட்டகை வீடுகள். 1917 அக்டோபரில் உம்கேனி பெருகி அந்தக் குடியிருப்பையே வாரிக்கொண்டு போனது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில், பெரும்பாலும் நம் ஆட்கள். அப்போது கடலில் வலை போடும் நம் ஆட்கள் ஆறு பேர் படகை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்துக்குள் போய்ப் போய்த் திரும்பி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 'படவட்டன் சிக்ஸ்' என்று டர்பனில் இன்றும் சொல்வார்கள். ஆயாவின் அம்மா அந்தப் படகில் வந்தவரா என்று கேட்டேன். "தெரியாது தம்பி. ஆனா எங்கம்மா சாகுற வரைக்கும் ஆத்துப் பக்கம் வீடு பார்க்க விடல" என்றார். உடனே எழுந்து, "போதும், கௌம்பு" என்று எல்லோரையும் விரட்டிவிட்டார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பக்கம் நானூறு பேருக்கு மேல் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இத்தனைக்கும் அன்று காலை கேட்டில் இருந்த ரேஞ்சரிடம், நௌக்ளுஃப்ட் மலைப் பக்கம் ராத்திரி மழை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போயிருந்தோம். சௌச்சாப் அங்கிருந்துதான் வருகிறது. நீங்களும் கேளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கிழக்கே மின்னல் தெரிந்திருந்தால் இறங்கவே வேண்டாம், மேலே நின்றபடி பார்த்தாலே பாதி தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு தமிழ்க் கூட்டத்தில், நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் ஒருவர் மைக்கைப் பிடித்து "டர்பன்காரங்க பேருக்குத்தான் தமிழங்க, ஒரு வாக்கியம் பேசத் தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் புரிந்தது. சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்த வரலாறு அவர்களுடையது. கரும்புக் காட்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் கோயில் கட்டினார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். பள்ளியில் தமிழ் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? விமானத்தில் வந்து இறங்கிய நாம் அவர்களுக்கு மார்க் போடுகிறோம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருக்கட்டும்.

வைகையோடு ஒப்பிட்ட அன்பருக்கும் ஒன்று. நீங்கள் நக்கலுக்குச் சொன்னாலும் அது சரியான ஒப்பீடுதான். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது, மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு. சௌச்சாப்புக்கு அந்த மிச்சமும் இல்லை. செஸ்ரியத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய் சோசுஸ்ஃப்ளை மணல் மேடுகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. பக்கத்தில் டெட்ஃப்ளை என்ற வெள்ளைத் தரையில் பல நூறு வருஷம் முன்பு செத்த மரங்கள் இன்னும் கருகலாக நிற்கின்றன. மணல் மேடு ஆற்றை மறித்தது, மரம் பட்டுப்போனது, உளுத்துப்போகக்கூட ஈரமில்லை. கேன்யனைப் பார்த்தவர்கள் அந்த ஆற்றின் முடிவையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே போக விடிந்தவுடன் கிளம்ப வேண்டும், பத்து மணிக்கு மேல் மணலில் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. கேன்யனைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டாலும் நிழல் இருக்கும்.

உங்கள் அப்பா அம்மா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு நமீபியா விசா தனி. அதைவிட முக்கியம், அவர்களுடைய தென்னாப்பிரிக்க விசாவில் ஒரே ஒரு நுழைவுதான் என்றால், நாகோப்பைத் தாண்டிய பிறகு திரும்பி உள்ளே வர முடியாது. அதை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரே நுழைவு என்றால் எல்லை தாண்டாமல் ஆக்ரபீஸ் அருவிக்குப் போய்விடுங்கள். ஆரஞ்சு ஆறு 56 மீட்டர் விழுந்து ஒரு பெரிய கருங்கல் பிளவுக்குள் போகிறது. அங்கே தண்ணீர் உண்டு, வேலியைத் தாண்டாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அபிங்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

வண்டி வாடகைக்கு என்றால் எல்லை தாண்ட அவர்களிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். ஸ்டெப்னி இரண்டு இருக்கிறதா என்று டயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சரளையில் 80-க்கு மேல் போகாதீர்கள், காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு டயர் மால்டஹோவுக்கும் செஸ்ரியத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் கிழிந்தது, அண்ணனும் நானும் மாற்றினோம். 'முழுக் காப்பீடு' என்று சொல்லிப் பணம் வாங்கிய கம்பெனி, டயரும் கண்ணாடியும் அடிப்பாகமும் அதில் சேராது என்று திரும்பி வந்த பிறகு சொன்னது. புது டயர் விலைக்கு மேல் 'நிர்வாகக் கட்டணம்' என்று இன்னொரு வரி. மெயில் மேல் மெயில் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு ராண்ட்கூடத் திரும்ப வரவில்லை. கையெழுத்துப் போடுமுன் அந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.