ஐந்தரை மணிக்குப் பூப்படம் அனுப்பும் நேபாள சார்

கேள்வி: நாகை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு வாரம் ஓர் ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்து படித்தேன். நேபாளம், கென்யா, இலங்கை, பிலிப்பைன்ஸ் என்று ஒன்பது நாடுகளிலிருந்து 34 ஆசிரியர்கள். கடைசி நாள் ஜூமில் பாதிப் பேர் அழுதுவிட்டோம். விட்டுப் போகக் கூடாது என்று உடனே ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்தோம். மூன்றே மாதத்தில் குழுவில் சத்தமே இல்லை. நேபாளத்து சார் ஒருவர் மட்டும் தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு குட் மார்னிங் அனுப்புகிறார், எரிச்சலாக வருகிறது. ஒருமுறை ஒளி பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டேன். இரண்டு கட்டைவிரல் வந்தது, பதில் வரவில்லை. நானே அட்மினாகி விதிமுறை போட்டு ஒழுங்குபடுத்தலாமா, இல்லை பேசாமல் வெளியே வந்துவிடலாமா? என் ஆங்கிலமும் சுமார்தான்.
(பெயர் வேண்டாம், நாகை மாவட்டம்)

பதில்: டீச்சர், முதலில் அந்த அட்மின் யோசனையைக் கைவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் இப்படி ஒரு குழுவுக்கு நான் அட்மினாக இருந்தேன். திங்கள் கற்பித்தல் குறிப்பு, புதன் கேள்வி நேரம், வெள்ளி புத்தக அறிமுகம் என்று கால அட்டவணையே போட்டேன். முதல் வாரம் எல்லாரும் கைதட்டினார்கள், இரண்டாவது வாரம் நான்கு பேர் எழுதினார்கள், அப்புறம் திங்களும் புதனும் வெள்ளியும் நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் எனக்கே அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே எமிஸ் (கல்வித்துறையின் ஆன்லைன் தகவல் தளம்) பதிவும் பாடக்குறிப்பும் போட்டு அலுத்துப்போய் வீட்டுக்கு வருகிற ஆளுக்கு, போனிலும் ஒரு கால அட்டவணை யாருக்கு வேண்டும்?

குழுவில் சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அது எல்லாக் குழுவும் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. இணையத்தில் மக்கள் எப்படிக் கூடுகிறார்கள் என்பதைப் பற்றி ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006-இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: நூறு பேர் இருந்தால் 90 பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், 9 பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், ஒருவர்தான் பெரும்பாலும் எழுதுவார். உங்கள் 34 பேருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் எப்போதாவது பேசுகிறவர்கள் மூன்று பேர், விடாமல் எழுதுகிறவர் ஒரு ஆளில் மூன்றில் ஒரு பங்கு. உங்களுக்கு முழுசாக ஓர் ஆளே கிடைத்திருக்கிறார், அதாவது ரோஜாப்பூ சார்.

பயிற்சி நடந்த எட்டு வாரமும் உங்களைச் சேர்த்து வைத்திருந்தது பாசம் மட்டும் இல்லை, டீச்சர். ஞாயிறு இரவுக்குள் கொடுக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. 'நீங்கள் முடித்துவிட்டீர்களா, எனக்கு மூன்றாவது கேள்வியே புரியவில்லை' என்று கென்யாக்காரரும் நீங்களும் புலம்பிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. சான்றிதழ் வந்த அன்றைக்கு அந்த வேலை முடிந்துவிட்டது, அதோடு பேச்சும் முடிந்தது. கல்யாண வீட்டில் நாலு நாள் ஒன்றாகக் காய் நறுக்கிய பெண்கள் பந்தி முடிந்ததும் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவதில்லையா, அப்படித்தான். அவர்களை மறுபடி பேச வைக்க 'ஏன் யாரும் பேசுவதில்லை' என்று குழுவில் கேட்டால் இன்னும் நாலு கட்டைவிரல்தான் வரும். நறுக்குவதற்கு மறுபடி காய் வேண்டும். அதுவும் 34 பேருக்கு வேண்டாம், இரண்டு பேருக்குப் போதும்.

இரண்டு பேர் என்று சும்மா சொல்லவில்லை. 1920-களில் செலஸ்தென் ஃப்ரெனே என்று பிரான்சில் ஒரு கிராமத்து வாத்தியார் இருந்தார். முதல் உலகப் போரில் குண்டடி பட்டு நுரையீரல் கெட்டுப்போனவர், நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்த அவருக்கு மூச்சு போதாது. வகுப்புக்குள் ஒரு சின்ன அச்சு எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்து, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளையே அச்சடிக்க வைத்தார். அச்சடித்ததை யாருக்கு அனுப்புவது? நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருந்த அவர், வடமேற்கில் பிரிட்டனிக் கடலோரத்தில் இருந்த ரெனே தானியல் என்ற இன்னொரு வாத்தியாரின் வகுப்புக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது, பொட்டலங்களும் போய் வந்தன. பின்னால் அது பல நாட்டு ஆசிரியர்களின் இயக்கமாகவே வளர்ந்தது, ஆனால் தொடக்கத்தில் தபால் போக்குவரத்து இரண்டே வகுப்புகளுக்கு நடுவில்தான். ஐரோப்பாவில் பள்ளிகளை இணையம் வழியாகச் சேர்த்துவைக்க 2005-இல் தொடங்கிய ஈ-ட்வின்னிங் திட்டத்திலும் இரண்டு நாட்டு ஆசிரியர்கள் இருவர் சேர்ந்தால் ஒரு வேலையைத் தொடங்கிவிடலாம்.

சரி, உங்களுக்கு அந்த இரண்டாவது ஆள் யார்? நீங்கள் எரிச்சல்படுகிற அதே ஆள்தான். உங்களுக்குக் காலை ஐந்தரைக்குப் படம் வருகிறது என்றால் அவருக்கு அப்போது மணி ஐந்தே முக்கால். நேபாளக் கடிகாரம் நம்மைவிடக் கால் மணி முந்தி ஓடுகிறது. எழுந்ததும் குழுவை நினைத்துக்கொள்கிற ஒரே மனிதர் அவர். பாவம், அவருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதனால் பூ அனுப்புகிறார். அவருக்குத் தனியாக எழுதுங்கள். 'வணக்கம் சார், எப்படி இருக்கிறீர்கள்' என்று எழுதினால் மறுபடி பூ வரும். ஒரு வேலையோடு போங்கள்.

என்ன வேலை? நீங்கள் அறிவியல் டீச்சர், கையில் நிழல் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளங்கள், பூமியின் சுற்றளவு வந்துவிடும். எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 வருஷத்துக்கு முன்னால் அலெக்சாந்திரியாவில் செய்த அதே கணக்குதான். அவர் ஒரு ஊரில் மட்டும் அளந்தார், இன்னோர் ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல் இருக்கும் என்ற தகவலை வைத்துக்கொண்டார். உங்களுக்கு அளந்து சொல்ல அங்கே ஓர் ஆளே இருக்கிறார்.

அளக்கிற நாளைப் பிப்ரவரி நடுவில் வையுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உங்கள் ஊர் வானத்தை நம்ப முடியாது, செப்டம்பரில் உங்களுக்குக் காலாண்டுத் தேர்வு, அவருக்கு மழை. பத்தாம் வகுப்புப் பக்கம் போகாதீர்கள், ரிவிஷன் டெஸ்ட் நேரத்தில் எச்.எம். விடமாட்டார், ஒன்பதாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நிழல் மிகக் குட்டையாக இருக்கிற நேரம்தான் நண்பகல், கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல. அந்த நாட்களில் உங்கள் ஊரில் அது 12:25 வாக்கில் வரும். அதனால் பன்னிரண்டே காலிலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும், நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்களுக்குச் சுமார் 43 சென்டிமீட்டர் வரும். அவர் காத்மாண்டு பக்கம் என்றால் அவருக்குச் சுமார் 85. முதல் தடவை அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்; ஒரே சூரியன், ஒரே அளவுக் குச்சி, நிழல் மட்டும் இரண்டு மடங்கு. 'அந்த சார் தப்பா அளந்துட்டார் மிஸ்' என்று ஒருவனாவது சொல்வான். அப்புறம் முக்கோணம் வரைந்து பாகைமானி வைத்தால் உங்களுக்கு 23 பாகை, அவருக்கு 40, வித்தியாசம் 17. அட்லஸில் ஸ்கேல் வைத்து வடக்கு தெற்காக மட்டும் அளந்தால் (அவர் ஊர் கிழக்கே தள்ளியிருக்கிறது, குறுக்கே கோடு போட்டுவிடாதீர்கள்) ஏறக்குறைய 1,880 கிலோமீட்டர். 17 பாகைக்கு இவ்வளவு என்றால் 360 பாகைக்கு 39,800 கிலோமீட்டர். புத்தகத்தில் 40,000 சொச்சம். அட்லஸே பூமியின் அளவு தெரிந்த பிறகு போட்டதுதானே மிஸ் என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னதாக ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

இந்த ஒரு வேலைக்குள் உங்களுக்கும் அவருக்கும் பேச எவ்வளவு இருக்கிறது பாருங்கள். எந்த நாள் என்று முடிவு செய்ய வேண்டும், அங்கே மேகமாக இருந்தால் அடுத்த நாளா என்று கேட்க வேண்டும், அவர் அளவு தப்பாக வந்தால் குச்சி சாய்ந்ததா என்று விசாரிக்க வேண்டும். ஜூம் எல்லாம் வேண்டாம். இலவச ஜூம் நாற்பது நிமிஷத்தில் அறுந்துவிடும், அதில் பத்து நிமிஷம் 'கேட்கிறதா, கேட்கிறதா' என்றே போய்விடும். நேரம் ஒத்துவருவதும் கஷ்டம். நேபாளத்தில் காலங்காலமாகச் சனிக்கிழமைதான் வார விடுமுறை, உங்கள் ஞாயிறு அவர்களுக்குப் பள்ளிக்கூட நாளாகவே இருந்துவந்தது. கென்யாக்காரர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், அவருக்குக் கல்வியாண்டே ஜனவரியில் தொடங்குகிறது. நேபாளத்தில் ஏப்ரல் நடுவில், அவர்கள் வருஷப் பிறப்பை ஒட்டி. உங்கள் மே மாத லீவில் அவர்கள் இரண்டு பேரும் வகுப்பில் நிற்பார்கள். நீங்கள் எழுதி மூன்று நாள் பதில் வரவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதீர்கள், அங்கே பரீட்சையாக இருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எண்ணுக்கு ஆங்கிலம் வேண்டாம். 43, 85, ஒரு படம், ஒரு கேள்விக்குறி, முதல் மாதம் இதிலேயே ஓடிவிடும். நேபாளத்து சாருக்கும் அது வீட்டில் பேசுகிற மொழி இல்லை, அவரும் உங்களுக்கு எழுதுவதற்கு முன் இரண்டு தடவை அழித்து எழுதியிருப்பார். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். குரல் பதிவும் அனுப்பலாம், ஆனால் ஒரு நிமிஷத்தைத் தாண்டாதீர்கள். ஏழு நிமிஷக் குரல் பதிவை நம் சொந்தக்காரர்கள் அனுப்பினாலே நாம் கேட்பதில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒன்று, பிள்ளைகள் முகம். ஆர்வத்தில் வகுப்பு முழுவதையும் நிற்க வைத்துப் படமெடுத்து அனுப்பிவிடுவோம், நானும் ஒரு காலத்தில் செய்தவள்தான். ஒரு மாணவியின் அப்பா வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 2023-இல் வந்த நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. குச்சியும் நிழலும் ஸ்கேலும் படத்தில் விழுந்தால் போதாதா? எச்.எம்.மிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, பணம். இந்த மாதிரிக் குழுவில் சேர்ந்த கொஞ்ச நாளில் 'சர்வதேசச் சிறந்த ஆசிரியர் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று தனிச் செய்தி வரும். கட்டணம் கட்டி வாங்குகிற விருதுக்குப் பெயர் ரசீது. பதிலே போடாதீர்கள்.

வெளியே வரலாமா என்று கேட்டீர்களே, வேண்டாம், குழுவை மியூட்டில் போட்டுவிட்டு இருங்கள். நீங்களும் அவரும் அளந்து முடித்த பிறகு அந்த இரண்டு எண்ணையும் இரண்டு நிழல் படத்தையும் ஒன்றும் விளக்காமல் அங்கே போடுங்கள். 'என் ஊரில் எவ்வளவு வரும்' என்று யாராவது கேட்பார்கள், கென்யாக்காரர் கேட்பார் என்பது என் கணிப்பு; அவர் நைரோபி பக்கம் என்றால் அவருக்கு அந்த நாளில் 20 சென்டிமீட்டர்தான் வரும், அளந்துவிட்டு அவரே நம்பமாட்டார். யாருமே கேட்காவிட்டாலும் உங்களுக்கு ஒரு சிநேகிதர் மிச்சம். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒரு டீச்சர். மழை அளவை எழுதிக் கொள்வதில் ஆரம்பித்தது, பன்னிரண்டு வருஷமாக மாதம் இரண்டு தடவையாவது எழுதிக்கொள்கிறோம். நேரில் பார்த்ததே இல்லை, அவர் மகள் சடங்குக்கு இங்கிருந்து புடவை போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். உங்கள் ஊரில் வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 25 வாக்கிலும், நண்பகலில் செங்குத்தான குச்சிக்கு நிழலே விழாது. காத்மாண்டு கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அந்த சார் தன் ஊரில் ஒரு நாளும் அதைப் பார்க்க முடியாது. ஏப்ரல் உங்களுக்குத் தேர்வும் லீவுமாகப் போய்விடும், ஆகஸ்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் பைப்பைத் தரையில் நிறுத்தி, 12:05-க்கே போனில் வீடியோவை ஓடவிடுங்கள்; 12:12 வாக்கில் பைப்புக்கு அடியில் நிழல் மொத்தமாக உள்ளே போய்விடும், பிள்ளைகள் கத்துவது மட்டும் கேட்கும். அதை வெட்டி ஒட்டாமல் அப்படியே அவருக்கு அனுப்புங்கள், மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் ரோஜாப்பூ அனுப்பமாட்டார் பாருங்கள்.