மகள் கல்லூரி விளையாட்டுக்கு சோஷியல் மீடியா பார்க்கிறேன் என்கிறாள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள சார், வணக்கம்.

"முப்பத்தெட்டு லட்சம் லோன் போட்டு அமெரிக்கா அனுப்பினது இன்ஸ்டாகிராம்ல போட்டோ போடறதுக்கா?" என்று போனில் கேட்டபோது உங்கள் குரல் கம்மியது. அவசரமாக ஏதாவது சொல்லி வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகளிடம் வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எம்.எஸ். படிப்பை அவள் விடக் கூடாது. யுனிவர்சிட்டி விளையாட்டுத் துறையில் பார்க்கிற வேலையையும் விட வேண்டியதில்லை. கோர்ஸை ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டுக்கு மாற்றப் போகிறேன் என்கிறாளே, அதை மட்டும்தான் நான் தடுக்கிறேன்.

நம்மூர் மண்டலப் போட்டிகளை மனதில் வைத்து இந்த வேலையை எடைபோட வேண்டாம். மிச்சிகன் யுனிவர்சிட்டியின் ஃபுட்பால் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா யுனிவர்சிட்டியின் பெண்கள் வாலிபால் மேட்ச்சைப் பார்க்க 92,003 பேர் வந்தார்கள். 2024-இல் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியை டிவியில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர்; அந்த வருடம் ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களைவிட அதிகம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் சுமார் 1,100 கல்லூரிகள் இருக்கின்றன. மேல் தட்டான டிவிஷன் 1-இல் மட்டுமே 350-க்கு மேல். ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது அணிகள், ஒவ்வொரு அணிக்கும் தனி சோஷியல் மீடியா கணக்கு, பெரிய கல்லூரி என்றால் அதற்கென்று சம்பள ஆட்கள்.

அவள் வேலையை நான் திரையில் பார்த்தேன். ஒரு வாலிபால் மேட்ச்சின் ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். உள்ளே ஆயிரத்துக்கும் மேல் படங்கள். அவற்றிலிருந்து பதினான்கைப் பொறுக்கி, நிறம் சரி பார்த்து, மேட்ச் முடிந்த சில நிமிடங்களில் வெளியிட்டிருக்கிறாள். இறுதி ஸ்கோர் கார்டு இரண்டு இருந்தது. ஒன்று ஜெயித்தால், ஒன்று தோற்றால். இரண்டும் முதல் நாள் மாலையே தயார். ஸ்கோர் இடம் மட்டும் காலி. லேப்டாப் ஓரத்தில் ஜெர்சி நம்பரும் பெயரும் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. "ஒரு எழுத்து தப்பா போச்சுன்னா அந்தப் பொண்ணோட அம்மா பார்ப்பாங்க சார்" என்றாள். இந்த எண்ணம் உள்ள பிள்ளை எந்த ஆபீஸிலும் பிழைத்துக்கொள்ளும்.

படம் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. கல்லூரி தன் அணிக்குச் சேர்க்கத் தேடிக்கொண்டிருக்கும் பள்ளி மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே 'இவர் நம்ம ஆளு' என்று பதிவிட்டால் அது என்.சி.ஏ.ஏ. விதிமீறல். அடிபட்டு விழுந்த வீராங்கனையின் வீடியோவைப் போடலாமா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். பாட்டு இன்னொரு கண்ணி. விளையாட்டு ரீல்களில் அனுமதியில்லாமல் பாடல்களைப் பயன்படுத்தியதாக 2025 மார்ச்சில் சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி மேல் சோனி மியூசிக் வழக்கே போட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு வீராங்கனையின் படம் எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பது இன்று அவள் வருமானத்தோடு சம்பந்தப்பட்ட கணக்கு. அதைக் கணக்காக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி மதிப்பு என்று நான் நினைக்கிறேன். உங்கள் மகளின் எம்.எஸ். இங்கேதான் கை கொடுக்கும்.

2018 மார்ச்சில் நடந்ததையும் சொல்கிறேன். பால்டிமோர் பக்கம் யு.எம்.பி.சி. என்று ஒரு யுனிவர்சிட்டி. செஸ்ஸுக்குப் பெயர் போனது. கூடைப்பந்தில் அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. தேசியப் போட்டியில் ஒரு பிரிவின் கடைசி இடமான 16-ஆம் இடத்திலிருந்து வந்து, முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. ஆண்கள் போட்டியில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அன்றிரவு அதன் ட்விட்டர் கணக்கு, தங்களைக் கழித்துக்கட்டிய விளையாட்டு எழுத்தாளருக்குக்கூடச் சூடாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. நாடு முழுக்க அதைப் படித்தது. ஒரு சின்ன அலுவலகத்துக்கு அது சம்பாதித்துக் கொடுத்த பெயரை எந்த விளம்பரப் பணத்தாலும் வாங்கியிருக்க முடியாது.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. ஆரம்பச் சம்பளம் அவளுடைய ஐ.டி. நண்பர்கள் வாங்குவதைவிட வெகு குறைவு. சனி, ஞாயிறு, தேங்க்ஸ்கிவிங் எதுவும் விடுமுறை இல்லை. அணி தோற்ற இரவில் வந்து குவியும் வசவுகளை முதலில் படிப்பது அவள்தான். இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துபோய் வேறு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய.

இனி விசா. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று எனக்குத் தெரியும்.

எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிற பெண் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். இப்போது அவள் செய்வது முழுக்கச் சட்டப்படியானது. அந்தக் கவலை வேண்டாம். படிப்பு முடிந்ததும் படித்த துறையில் அங்கேயே வேலை பார்க்க 12 மாத அனுமதி கிடைக்கும், அதற்கு ஓ.பி.டி. என்று பெயர். அவள் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டுக்கு மாறினால் பெரும்பாலும் இந்த 24 மாதம் கையை விட்டுப் போகும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் அப்படித்தான் மாறினான். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் ஒரு வருடத்துக்குள் யாரும் விசாவுக்கு முன்வரவில்லை, கடனோடு ஊர் திரும்பினான். அவன் அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

ஓ.பி.டி.க்குப் பிறகும் அங்கே வேலை பார்க்க வேண்டிய எச்-1பி வேலை விசா வருடத்துக்கு 85,000 பேருக்குத்தான், அதுவும் குலுக்கலில். ஆனால் யுனிவர்சிட்டிகள் அந்த வரம்புக்கு வெளியே. ஒரு யுனிவர்சிட்டி நேரடியாக வேலைக்கு எடுத்தால் குலுக்கலே கிடையாது. இதில் இரண்டு சிக்கல். வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் அவசியம் என்று நிரூபிக்க வேண்டும். வெறும் 'சோஷியல் மீடியா' பதவிக்கு அது கடினம். ரசிகர் தரவு, டிக்கெட் விற்பனை, ரீச் கணக்கு என்று டேட்டா பக்கம் சாய்ந்த டிஜிட்டல் பதவி என்றால் அவள் படிப்போடு பொருந்தும். ஸ்டெம் நீட்டிப்புக்கும் இதே பொருத்தம் வேண்டும். வேலை கொடுப்பவர், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசுத் தளமான இ-வெரிஃபையில் பதிந்திருக்கவும் வேண்டும். இரண்டாவது, 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தார்கள். ஆகவே ஊருக்கு வந்து அங்கிருந்து முயற்சி செய்துகொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஒவ்வொரு செமஸ்டரும் யுனிவர்சிட்டியின் இன்டர்நேஷனல் ஆபீஸில் நேரில் கேட்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம்.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இரண்டாம் வருடத்துக்கு அந்த விளையாட்டுத் துறையில் கிராஜுவேட் அசிஸ்டன்ட் இடம், அதாவது எம்.எஸ். படித்துக்கொண்டே வேலை பார்க்கிற இடம், இருக்கிறதா என்று இப்போதே டைரக்டரிடம் கேட்க வேண்டும். கிடைத்தால் ஃபீஸில் ஒரு பகுதியோ முழுவதுமோ கழியும். லோனின் கடைசித் தவணையை நீங்கள் எடுக்காமலே போகலாம். இந்த சீசனில் போட்ட பதிவுகளுக்கு ஒரு ஷீட் தயாரிக்க வேண்டும்: எது, எப்போது, எத்தனை பேர் பார்த்தார்கள், ஏன். வேலைக்கான என்.சி.ஏ.ஏ. மார்க்கெட், டீம்வொர்க் ஆன்லைன் இரண்டு தளங்களிலும் வாரம் ஒரு முறை விளம்பரங்களைப் படித்து, கேட்கிற தகுதிகளைக் குறித்து வைக்க வேண்டும். கோர்ஸ் மாற்றும் பேச்சை மே மாதம் வரை எடுக்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். சனிக்கிழமை இரவில் அவள் போனை எடுக்காவிட்டால் பதற வேண்டாம். இந்த சீசனில் அங்கே இரவு 11 மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை 9.30. அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். இரண்டு கார்டில் எதைப் போட்டாள் என்று கேளுங்கள்.