கேழ்வரகில் குற்றமில்லை, அரைத்த கல்லைக் கேளுங்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, என் மகளுக்கு வயது 9. நான்காம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு, உப்பல். எத்தனை டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை, உயரமும் கூடவில்லை. திருநெல்வேலியில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்து சீலியாக் நோய் என்றார்கள். கோதுமை, மைதா, பார்லி கூடாது என்றார்கள். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எதுவும் கிடையாது. அவள் தம்பிக்கும் சேர்த்தே நிறுத்திவிட்டோம். காலையில் பள்ளியிலேயே சாப்பிட்டுவிடுவாள். மதியத்துக்குச் சோறு கொடுத்துவிடுகிறேன். மாலையில் கேழ்வரகு, கம்பு, சோளம், பாசிப்பயறு வறுத்து மில்லில் அரைத்த சத்துமாவைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கிறேன். அப்படியும் ரத்தத்தில் பார்க்கும் டி.டி.ஜி. அளவு பெரிதாக இறங்கவில்லை, உப்பலும் போகவில்லை. கேழ்வரகும் ஆகவில்லை போல, நிறுத்து என்கிறார்கள். சம்பா கோதுமை நம் பழைய கோதுமை, அது ஒன்றும் செய்யாது என்கிறார் என் மாமியார். ஓட்ஸ் கொடுக்கலாமா? எந்தத் தானியத்தைத்தான் நம்பிக் கொடுப்பது?

வாசகி, கல்லிடைக்குறிச்சி அருகில்

பதில்: அம்மா, கேழ்வரகை நிறுத்த வேண்டாம். சீலியாக் உள்ளவரின் குடலைப் புண்ணாக்குவது குளூட்டன் என்ற தானியப் புரதம். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, குதிரைவாலி, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. அரிசியிலும் உளுந்திலும் பயறிலும் கிடையாது. குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றில்தான். ரை நம் ஊர்ச் சந்தைக்கு வருவதில்லை, ஆக உங்களுக்கு இரண்டுதான் எதிரி. பிள்ளையின் ரத்தத்தில் டி.டி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருள் எட்டு மாதத்துக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால், கோதுமை ஏதோ ஒரு வாசல் வழியாக இன்னும் உள்ளே போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உங்கள் கடிதத்திலேயே இரண்டு வாசல் தெரிகிறது.

'காலையில் பள்ளியிலேயே சாப்பிட்டுவிடுவாள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவை கிச்சடி என்று வரும், நடுவில் பொங்கலும் வரும். நல்ல திட்டம், லட்சக்கணக்கான பிள்ளைகள் பசியில்லாமல் வகுப்பில் உட்காருகிறார்கள். ஆனால் ரவை என்பது கோதுமை, சேமியாவும் கோதுமை. வெள்ளையாக இருப்பதால் ரவையை அரிசி வகை என்று நினைப்பவர்கள் ஏராளம். படித்தவர்களும் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டிப் பேசுங்கள். பொங்கல் நாளிலும் சமையல் செய்யும் அக்காவிடம், ரவையில் போட்ட கரண்டியா என்றும் பெருங்காயத்தைப் பற்றியும் (அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து நாலு இட்லி போதும்.

இரண்டாவது வாசல் மில். போன வருடம் ஒரு மாலை எங்கள் தெருமுனை மாவு மில்லில் வரிசையில் நின்றேன். முன்னால் ஒருவரின் ரேஷன் கோதுமை ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் மில்காரர் மோட்டாரை நிறுத்தவில்லை. மேல் தொட்டியில் கட்டையால் இரண்டு தட்டு, மாவு விழும் துணிக்குழாயை ஓர் உதறு, அவ்வளவுதான். அடுத்து ஓர் ஆச்சியின் கேழ்வரகைக் கொட்டினார். முதலில் விழுந்தது வெளுத்த மாவு. இரண்டு மூன்று கை விழுந்த பிறகுதான் கேழ்வரகின் நிறமே வந்தது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் மாவுதானய்யா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை. உங்கள் மகளுக்கு அந்த இரண்டு கை மாவே பெரிய கணக்கு.

எவ்வளவு பெரிய கணக்கு என்று கேட்டால்: ஒரு கிராம் கோதுமை மாவில் தோராயமாக 80 முதல் 100 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ள பெரும்பாலானோருக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் வரை தொந்தரவில்லை, 50 மில்லிகிராம் தினமும் போனால் குடல் புண்படும் என்பது மருத்துவர்கள் கையாளும் கணக்கு. ஆக ஒரு சிட்டிகை கோதுமை மாவே எல்லையைத் தாண்டிவிடும். கடையில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்க வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு விதியும் சொல்கிறது. தெருமுனை மில்லிடம் அந்தச் சுத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதனால் என் யோசனை, எதையும் மாவாக வாங்காதீர்கள், மணியாக வாங்குங்கள். மாவில் கலந்ததைக் கண்ணால் பிடிக்க முடியாது, மணியில் பிடிக்கலாம். கேழ்வரகு கடுகு போலச் சின்னது. சல்லடையில் போட்டால் கேழ்வரகு கீழே இறங்கிவிடும், கோதுமை மணி மேலேயே நிற்கும். கம்பிலும் சரியான சல்லடை இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். சோளம்தான் சிரமம், கோதுமையோடு அளவு நெருங்கிவரும். முறத்தில் பரப்பி வெளிச்சத்தில் உட்கார்ந்து பொறுக்க வேண்டியதுதான். பிறகு இரண்டு மூன்று தண்ணீர் அலசி, காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடை புதிதாக இருக்கட்டும், பழைய மைதா சல்லடை வேண்டாம்.

இதைவிட எளிது, அரைக்கவே தேவையில்லாத தானியம். சாமை, தினை, குதிரைவாலி மூன்றையும் பொறுக்கி அலசிச் சோறு போலவே பொங்கிவிடலாம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டுக் குதிரைவாலி சாம்பார் ஊற்றிச் சாப்பிட அருமையாக இருக்கும் (இது மருத்துவர் பேச்சில்லை, நாக்கின் பேச்சு). கேழ்வரகையும் கம்பையும் ஊறவைத்து வீட்டு கிரைண்டரில் ஆட்டி தோசை வார்த்தாலும் மில் பக்கம் போக வேண்டாம். தீபாவளிக்கு அல்வாவுக்காகக் கோதுமை ஆட்டிய கிரைண்டர் என்றால் மட்டும் கல்லைக் கழற்றி இடுக்கெல்லாம் நன்றாகக் கழுவிவிடுங்கள். தோசைக்கல் அவளுக்கென்று தனியாக ஒன்று இருப்பது நல்லது. ஹோட்டலில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் ஊற்றுவார்கள், அந்தத் தோசை அரிசியில் செய்ததாக இருந்தாலும் அவளுக்கு ஆகாது.

வரகைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு நஞ்சாகும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகு வயலில் மேய்ந்த 10 யானைகள் இறந்தன. பூஞ்சை நச்சுதான் காரணம் என்று ஆய்வில் வந்தது. நன்றாகக் காய்ந்த, வாடை இல்லாத வரகென்றால் பயமில்லை. சந்தேகம் வந்தால் குப்பையில் போடுங்கள், கழுவிச் சமைக்க வேண்டாம்.

அரிசியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து அம்பாசமுத்திரத்து ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 குண்டரிசி இட்லிக்குப் போட்டுப் பழகியவர்கள் நீங்கள். இட்லி, இடியாப்பம், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கருப்பட்டி போட்ட உளுந்தங்களி என்று நம் பக்கத்துச் சமையலில் பாதி தானாகவே குளூட்டன் இல்லாததுதான். வடக்கே ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் அந்த வீட்டுச் சமையலையே புரட்டிப் போட வேண்டும். ரேஷன் அரிசியில் செறிவூட்டிய மணிகள் கலந்து வந்தால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அவை அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்தவை. ரத்தம் ஏறாத பிள்ளைக்கு உதவும்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. சம்பா கோதுமையும் கோதுமைதான். பழையது, நாட்டு வகை, உடைத்தால் சிவப்பாக இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் குளூட்டன் இருக்கிறது. பெயர்க் குழப்பமும் உண்டு: சம்பா அரிசி என்றால் நெல், தாராளமாகத் தரலாம். சம்பா ரவை என்றால் கோதுமை, கூடாது. நம் ஊர் அல்வாவும் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்துக் கிண்டுவதுதான். "பாலை மட்டும்தானே எடுக்கிறோம், சக்கையைத்தான் தூக்கிப் போட்டுவிடுகிறோமே" என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். அந்தப் பாலில் மாவுச்சத்தோடு குளூட்டனும் இறங்கிவிடும். திருநெல்வேலிப் பிள்ளைக்கு அல்வா கூடாது என்று சீட்டில் எழுதும்போது எனக்கே கை கூசும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பொதுவாகப் பிரச்சினை இல்லை. தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, முட்டை வெள்ளை, சர்க்கரையில் செய்வது. ஆனால் கேக் மாவு பறக்கிற பேக்கரியில் செய்தால் அதுவும் சந்தேகம்தான். முந்திரிக்கொத்துக்கு மேல்மாவு அரிசியா மைதாவா என்று கேட்காமல் வாயில் வைக்க விடாதீர்கள்.

மூன்றாவது வாசல் ஒன்று உங்கள் அஞ்சறைப் பெட்டி பக்கத்திலேயே இருக்கலாம். கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரம் தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததை வாங்குங்கள். ஒரு நாளில் போகிற அளவு சின்னதுதான், ஆனால் ரசம், சாம்பார், மோர் என்று தினமும் போகிறது. ராகி சேமியா, ராகி பிஸ்கட் பாக்கெட்டுகளையும் இப்படியே திருப்பிப் படியுங்கள். முன்பக்கம் ராகிப் படம் இருக்கும், பின்பக்கம் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லி முளைப்பயிரில் செய்தவை. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

இதே நோயுள்ள பாளையங்கோட்டை அம்மா ஒருவர், எல்லாம் சரியாகச் செய்தும் இறங்கவில்லையே என்று அழுதார். வாராவாரம் கோவிலில் வாங்கும் நற்கருணை அப்பம் கோதுமை என்பது இருவருக்குமே தாமதமாகத்தான் உறைத்தது. கத்தோலிக்கத் திருச்சபை குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அனுமதிக்கிறது, திராட்சை ரசம் மட்டும் பெறவும் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் பேசினார், முடிந்தது.

ஓட்ஸ் இப்போது வேண்டாம். ஓட்ஸில் கோதுமைக் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் வண்டியிலும் மில்லிலும் கோதுமையோடு புழங்குவதால் சாதாரண பாக்கெட்டை நம்ப முடியாது. சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாத சிலரும் இருக்கிறார்கள். டி.டி.ஜி. சரியான பிறகு, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட ஓட்ஸை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். இட்லி இருக்கும் வீட்டில் ஓட்ஸுக்கு என்ன அவசரம் என்பது என் கட்சி.

அப்புறம் அந்த உப்பல். அதற்குக் கேழ்வரகைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் பாலைப் பாருங்கள். சீலியாக்கில் சிறுகுடலின் உள்தோல் தேய்ந்துபோகிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தத் தோலின் நுனியில்தான் சுரக்கும். தோல் ஆறும்வரை பால் குடித்தால் உப்பும், புளிக்கும், போகும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று வாரம் பாலை நிறுத்தி, கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சி மோர் விட்டுக் கொடுத்துப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இன்னொன்று, நாலு தானியத்தையும் ஒரே மாவாக அரைத்துவிட்டால் எது ஆகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அரிசிக் கஞ்சி. ஒரு வாரம் கழித்து கேழ்வரகு மட்டும், அதுவும் சலித்த மாவு, நீர்க்க. அதற்கடுத்த வாரம் கம்பு. நார்ச்சத்து திடீரென்று கூடினால் நல்ல வயிறே முனகும், இது புண்பட்ட வயிறு. கேழ்வரகை எப்படியும் விட்டுவிடாதீர்கள். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பாலைக் குறைக்கிற நேரத்தில் எலும்புக்கு அதுதான் துணை.

பள்ளி, மில், பெருங்காயம் மூன்றையும் அடைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து டி.டி.ஜி. மறுபடி பாருங்கள். அத்தோடு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, தைராய்டு, உயரம், எடையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் குடல் நோய் மருத்துவர் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக தம்பி. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தவர்களில் தோராயமாகப் பத்தில் ஒருவருக்கு இதே நோய் இருக்கலாம், தொந்தரவே தெரியாமலும் இருக்கலாம். நீங்கள், உங்கள் கணவர், பையன் மூவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் கோதுமை சாப்பிடாதவரின் ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் மறைந்துவிடும், நோய் இருந்தாலும் இல்லை என்று ரிப்போர்ட் வரும். உங்கள் வீட்டில் எட்டு மாதமாகக் கோதுமையே இல்லை என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில வாரம் தினமும் கோதுமை கொடுத்துவிட்டுப் பிறகு ரத்தம் எடுக்கச் சொல்வார். அந்தச் சில வாரம் பையனின் சப்பாத்தியை அக்காவின் தோசைக்கல்லில் சுட வேண்டாம்.