வேகமான வரிகள் பிடிபடுமா?

தி ரூட்ஸ் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவை முதன்முறை நேரில் பார்க்கப் போகிறேன், அதன் ராப் பாடகர் பிளாக் தாட் பாடும் வேகத்தில் வரிகள் தப்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். அவர் பல நிமிடங்கள் நிற்காமல் ராப் செய்யக்கூடியவர்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நான்கைந்து பாடல்களை மட்டும் வரிகளைப் பார்த்தபடியே கேளுங்கள். அப்புறம் 1999இல் வந்த அவர்களின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ ஆல்பத்தின் அட்டையை உற்றுப் பாருங்கள்: போலீஸ் துரத்த ஓடிவரும் கறுப்பினப் பெண்ணின் முகம். அந்தப் பீதியைப் பார்த்த பிறகுதான் எனக்கு வரிகளின் கோபம் உறைத்தது.

1987இல் பிலடெல்பியாவில், தெருவோரம் வாளியைத் தட்டித் தொடங்கியவர்கள் இவர்கள். இன்றும் எல்லாம் நேரடி வாத்தியம். குவெஸ்ட்லவ் டிரம்ஸில் தாளத்தைத் திருப்பினால் பாட்டே வேறாகிவிடும். ஆல்பத்தில் கேட்டது அப்படியே வராது. அதற்காகத்தான் நேரில் போகவேண்டும்.

முன்வரிசை வேண்டாம், பேஸ் எனும் தாழ்ந்த ஒலியின் அதிர்வில் சொற்கள் கரைந்துவிடும். ஒலியைச் சரிசெய்யும் சவுண்ட் மிக்ஸர் பக்கம் நில்லுங்கள், குரல் தெளிவாக இருக்கும். 100 டெசிபல் சத்தம் 15 நிமிடத்துக்கு மேல் காதுக்கு ஆபத்து. இசைக்கலைஞர்கள் போடும் வகைக் காதடைப்பான் வாங்குங்கள், அதில் சொற்கள் மங்காது.