தியத்தலாவை, கண்டி போர்க்காலப் படங்கள்: அசலா, பிற்காலப் பிரதியா?

பண்டாரவளைப் பழைய சாமான் கடையில் வாங்கிய சீருடைக்காரர் படம் உண்மையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் திருப்பிப் பாருங்கள். பென்சில் குறிப்பு, ஸ்டூடியோ முத்திரை, அல்பத்திலிருந்து பிய்த்த பசைத் தடம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். அப்புறம் படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுத்த இடங்களின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் நல்ல அறிகுறி. பழைய அச்சில் உள்ள வெள்ளி மெல்ல மேலே வந்து படிவதால் அப்படி ஆகிறது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சையும் இருட்டில் அடித்துப் பாருங்கள். தாள் பளீரென்று நீலமாக மின்னினால் பெரும்பாலும் பிற்காலப் பிரதிதான், ஏனென்றால் வெண்மையூட்டும் ரசாயனம் போட்டோத் தாளில் பரவியது 1950களில். ஆனால் மின்னாததாலேயே அசல் என்றும் ஆகிவிடாது.

நம் இலங்கை மலைநாட்டு ராணுவ முகாம் ஊரான ‘தியத்தலாவை’யின் பெயர் எழுதியிருந்தால் உடனே 1940கள் என்று முடிவுகட்டாதீர்கள். 1900இலேயே தென்னாப்பிரிக்கப் போரில் பிரித்தானியரிடம் பிடிபட்ட போயர் கைதிகளை அங்கே முகாமில் அடைத்திருந்தார்கள். கண்டி, பேராதனைப் படங்களுக்கோ நல்ல பிடி உண்டு: பிரித்தானிய, அமெரிக்க நேசப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்ரலில்தான் அங்கு வந்தது. பிரித்தானிய, அமெரிக்கச் சீருடைகள் ஒரே படத்தில் நின்றால் அந்தக் காலத்தை யோசிக்கலாம்.

விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், படத்துக்கு மட்டும் கொடுங்கள். நம் மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். பீவீசீ பிளாஸ்டிக் உறை வேண்டாம், அமிலமற்ற தாள் உறையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில் வையுங்கள்.